மூணாவது பேசின்

எங்க கடையில காருக்குப் பாலிஷ் போடுற ஆளுங்க மூணு பேர். மூத்தவன் நான். பதினெட்டு வருஷமா இதே வேலை. மங்கிப்போய் உள்ள வர்ற கார் என் கையை விட்டுப் போகும்போது அதுல பாத்துத் தலை சீவிக்கலாம். கார்க்காரங்க வாயைப் பிளப்பாங்க, முதலாளி என் தோளைத் தட்டுவார், நானும் அந்தக் காரை நானே பெத்த மாதிரி நிப்பேன். மிஷின் நுனியில சுத்துற பேடை ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்லை. அதைக் கழுவுறவங்களை சுத்தமாப் பாத்ததில்லை. அவங்களைப் பத்தித்தான் சொல்லப்போறேன். எங்க அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணனோட சம்சாரம்.

பேட்னா பெருசா ஒண்ணுமில்லை, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா ஒரு ஸ்பாஞ்சு. முதுகுல ஒட்டுற துணி இருக்கும். அதை மிஷின்ல ஒட்டி, ஸ்பாஞ்சுல பாலிஷ் தடவி, கார் மேல சுத்த விடணும். கீறலை எடுக்க மஞ்சள் பேட், அது கொஞ்சம் முரடு. அதுக்கப்புறம் ஆரஞ்சு. கடைசி மினுமினுப்புக்குக் கருப்பு. ஒரு காருக்கு எட்டு, பத்து பேட் ஆகும். பாலிஷும் பெயிண்ட் தூளும் ஸ்பாஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். அன்னைக்கே கழுவலைன்னா காஞ்சு கல்லாயிடும். அந்தக் கல்லைக் கொண்டுபோய் அடுத்த கார் மேல வெச்சா சூடு ஏறி பெயிண்டே வெந்துடும். இந்த விஷயம் தெரியாத கடைக்காரங்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அவங்ககிட்ட காரை விட்டீங்கன்னா அது உங்க தலையெழுத்து.

அண்ணி முன்னாடி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருந்தாங்க. பதினாலு வருஷம் படுக்கை விரிப்பும் பச்சை அங்கியும் துவைச்சிருக்காங்க. ஒரு நாள் ஆஸ்பத்திரி அந்த வேலையை வெளி ஆளுங்ககிட்ட கொடுத்துடுச்சு, அண்ணி வீட்டுல உக்காந்தாங்க. சும்மா உக்காரத் தெரியாத மனுஷி அவங்க. ஜன்னல் திரையை வாரத்துக்கு மூணு தடவை கழட்டித் துவைச்சா யாருக்குத்தான் பொறுக்கும்? அண்ணன் லாரி ஓட்டுறவர், மாசத்துல பத்து நாள்தான் வீட்டுல இருப்பார். அந்தப் பத்து நாளே தாங்கலை. எனக்குப் போன் போட்டு, "டேய், உங்க அண்ணி நான் சட்டையைக் கழட்டுறதுக்குள்ள வாங்கித் துவைக்கிறாடா, எங்கேயாவது சேத்து விடு, உனக்குப் புண்ணியமாப் போகும்"னார்.

அப்போ கடையில பேட் கழுவத் தனி ஆள் கிடையாது. நாங்களே கழுவுவோம். கழுவுறதாவது, நனைச்சு, ஒரு முறுக்கு முறுக்கி, மூலையில எறிவோம். நான் முதலாளிகிட்ட போய், "சார், பதினாலு வருஷ அனுபவம், கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்"னு பெருமையாச் சொல்லி அண்ணியைக் கூட்டிட்டுப் போனேன்.

முதல் நாளே என் மூக்கு அறுபட்டுது. நான் ஒரு கார் முடிச்சுட்டுப் பின்பக்கம் போறேன், அடுப்புல ஒரு பெரிய பாத்திரம் கொதிக்குது, அதுக்குள்ள சோடா உப்பு போட்டு நாப்பது பேட். துணி தனியா மிதக்குது, ஸ்பாஞ்சு தனியா மிதக்குது. சூட்டுல ஒட்டுப் பசை மொத்தமும் விட்டுப்போச்சு. கடையில இருந்த மொத்த பேடும் அவ்வளவுதான். நான் தலையில கை வெச்சுட்டேன். முதலாளி வந்து நின்னார். அண்ணி கரண்டியைக் கீழ வெச்சுட்டு, "நான்தான் சார் பண்ணேன். ஆஸ்பத்திரியில கொதிக்காத துணியை வெளிய விடமாட்டாங்க, அந்தப் பழக்கத்துல போட்டுட்டேன். யாரையும் கேக்கலை. இனிமே ஆகாது"ன்னாங்க. அழலை, சாக்கு சொல்லலை. முதலாளி திட்ட வாயைத் திறந்தவர், திட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லாததால மூடிக்கிட்டார். எனக்குத்தான் ஒரு வாரம் கோபம் அடங்கலை. எனக்குக் கோபம் எப்பவும் மூக்கு மேலதான் இருக்கும், இதை நான் சொல்லலைன்னாலும் என் வீட்டுல சொல்லிடுவாங்க.

அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஆச்சு. ஒரு பேடுக்குக்கூட சேதம் வந்ததில்லை.

கடைக்குப் பின்னாடி கம்ப்ரசர் ஓடுற அறைதான் அவங்க இடம். ரெண்டு தொட்டி, ஒரு குழாய், உயரத்துல ஒரு சின்ன ஜன்னல், சுவர் முழுக்கக் கம்பி அடுக்கு. தரையில மூணு வெள்ளை பேசின் வெச்சிருப்பாங்க. மூணு பாலிஷ்காரனுக்கும் ஆளுக்கு ஒண்ணு. முதல் பேசின் நெட்டையனோடது. அவன் நிலைவாசல்ல இடிச்சுக்காம உள்ள வந்த நாளே இல்லை. ரெண்டாவது மீசைக்காரரோடது. மூணாவது என்னோடது. வேலை முடிஞ்ச பேடை அவனவன் பேசின்லதான் போடணும், மாத்திப் போட்டா அண்ணி விடமாட்டாங்க. வெதுவெதுன்னு தண்ணி, அதுல கொஞ்சம் சோப்புத் தண்ணி, கால் மணி நேரம் ஊறணும். அப்புறம் ரெண்டு கட்டை விரலாலும் நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுக்கைத் தள்ளிக்கிட்டே போவாங்க. உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல வெச்சு அமுக்கித்தான் தண்ணியை எடுக்கணும், முறுக்கக் கூடாது. ஒரு தடவை நெட்டையன் உதவி பண்றேன்னு வந்து முறுக்கினான். "ஏன்டா, அது என்ன கோழிக் கழுத்தா?"ன்னு கையைத் தட்டி விட்டாங்க. காயப் போடும்போது ஸ்பாஞ்சு கீழ, துணி மேல. அப்பதான் தண்ணி பசைக்குள்ள தங்காது. வெயில்ல வைக்கவே கூடாது. நல்லாக் காஞ்சதும் மூடி போட்ட டப்பாவுக்குள்ள அடுக்கிடுவாங்க, தூசி படாம.

இதெல்லாம் யாரு வேணாலும் கத்துக்கலாம். அண்ணிகிட்ட இருக்கிற இன்னொரு விஷயம் அப்படிக் கத்துக்க முடியாது. பேடைப் பாத்தே அதைப் பிடிச்ச ஆளோட நிலைமையைச் சொல்லிடுவாங்க. நடுப்பகுதி அமுங்கிச் செத்துப்போயிருந்தா மிஷினை ரொம்ப அழுத்தியிருக்கான்னு அர்த்தம். ஓரம் பிஞ்சிருந்தா அவசரத்துல கதவு இடுக்குல மோதியிருக்கான். ஒரு நாள் மீசைக்காரரோட பேடை எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "என்ன அண்ணே, வீட்டுல சண்டையா? பேடு மேல ஏறி உக்காந்திருக்கீங்க"ன்னாங்க. மீசைக்காரர் திருதிருன்னு முழிச்சார். நிஜமாவே அவர் சம்சாரம் கோவிச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. அதுல இருந்து நெட்டையன் தினமும் பேடை நீட்டி, "அக்கா, எனக்குக் கைரேகை பாருங்க, கல்யாணம் எப்போ?"ன்னு கேப்பான். "முதல்ல குனிஞ்சு நடக்கக் கத்துக்கோ, பொண்ணு தானா வரும்"பாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னாடி நடந்தது புரியாது. இப்ப வர்ற கார்கள்ல கலர் பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கிளியர்னு சொல்லுவோம். நாங்க பாலிஷ் போடுறது அந்தக் கிளியர் மேலதான். அதனால பேடை முதல் தடவை அமுக்கும்போது தண்ணி பால் கலர்ல வரணும். கார் எந்தக் கலரா இருந்தாலும் சரி, தண்ணி வெள்ளைதான். காரோட கலர் தண்ணியில வந்துச்சுன்னா கிளியரைத் தாண்டி உள்ள போயாச்சு, அந்த இடம் போச்சு. அதுக்கு வைத்தியம் கிடையாது, திரும்பப் பெயிண்ட் அடிக்கணும். அதனாலதான் பேசின் வெள்ளையா இருக்கணும்னு அண்ணி ஒத்தைக் கால்ல நின்னு வாங்கினாங்க. முதல் தண்ணியை ஒரு நிமிஷம் பாக்காம ஊத்தவே மாட்டாங்க.

இனி என் கதை. அஞ்சு மாசம் முன்னாடி என் வலது கையில பெருவிரலும் பக்கத்துல ரெண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பிச்சுது. முதல்ல காலையில மட்டும் இருந்துச்சு, உதறினா சரியாகிடும். அப்புறம் நாள் பூரா. சட்டைப் பொத்தான் போட முடியலை. பதினெட்டு வருஷமா அதிர்ற மிஷினைப் பிடிச்ச கை, அதிர்ச்சி உள்ளயே தங்கிடுச்சு போல. மிஷினைப் பிடிச்சுத்தான் இருப்பேன், ஆனா பேட் தட்டையா உக்காந்திருக்கா, சாய்ஞ்சிருக்கான்னு விரலுக்குத் தெரியாது. கண்ணால பாத்துப் பாத்து ஓட்டினேன்.

யார்கிட்டயும் சொல்லலை. என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லலை. எனக்கு முன்னாடி இங்க ஒருத்தர் மூத்த பாலிஷ்காரரா இருந்தார். கண்ணு மங்கிடுச்சுன்னு அவரே போய் முதலாளிகிட்ட சொன்னார். மறுநாள் அவர் கையில மிஷினுக்குப் பதிலா கார் சீட்டுல தூசி உறிஞ்சுற குழாய். ரெண்டு மாசத்துல அவமானம் தாங்காம நின்னுட்டார். அவர் மிஷின்தான் என் கைக்கு வந்துச்சு. அதனால எனக்கு பயம். வாயை விட்டுச் சொல்றேன், நெஞ்சு பதைக்கிற பயம். இந்த வேலையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தெருவுல போற காரைப் பாத்தா அதுல எத்தனை கீறல்னுதான் என் கண்ணு எண்ணும்.

அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரியாம இருக்கும்? மிஷின் சாய்ஞ்சா பேடோட வெளி வட்டம் மட்டும்தான் தேயும், நடுப்பகுதி புதுசு மாதிரி இருக்கும். மூணு மாசமா என் பேசின்ல விழுற பேடெல்லாம் அப்படித்தான். ஒரு நாள் டீ நேரத்துல என் பக்கத்துல வந்து உக்காந்து மெதுவாக் கேட்டாங்க.

"தம்பி, கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"உன் பேடெல்லாம் ஓரம் மட்டும் கரையுது."

"பேடு மட்டமான சரக்கா இருக்கும்."

"நெட்டையனுக்கும் அதே சரக்குதானே? அவனுக்குக் கரையலை. டம்ளரை ஏன் இடது கையில பிடிச்சிருக்க?"

எனக்குக் கோபம் சுருக்குன்னு ஏறிடுச்சு. "அண்ணி, நீங்க கழுவ வந்தவங்க. கழுவுற வேலையை மட்டும் பாருங்க. எனக்கு மிஷின் பிடிக்கச் சொல்லித் தர வேண்டாம்"னு நெட்டையன், மீசைக்காரர் எல்லாரும் கேக்கிற மாதிரி கத்திட்டேன். அண்ணி டம்ளரை எடுத்துட்டுப் போய்க் கழுவி வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. சொன்ன அடுத்த நிமிஷமே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஆனா மன்னிப்புக் கேக்கலை. நான் அப்படித்தான், கோபப்பட ஒரு நிமிஷம் போதும், இறங்கி வர ஒரு யுகம் ஆகும்.

அது நடந்து மூணு வாரம் கழிச்சு ஒரு கருநீலக் கார் வந்துச்சு. மருந்துக்கடை வெச்சிருக்கிற அம்மாவோடது. நாலு வருஷக் கார். சைக்கிள் உரசி பானெட்ல ஒரு நீளமான கீறல். "உங்க கையால பண்ணிக் கொடுங்க, வேற யாரும் தொட வேண்டாம்"னு அந்த அம்மா என்னைப் பாத்துச் சொன்னாங்க. மறுநாள் பத்து மணிக்கு வந்து எடுத்துக்கறேன்னாங்க.

கீறல் பானெட்டோட மடிப்பு மேல ஓடுச்சு. மடிப்புல கிளியர் மெலிசா இருக்கும். அங்க பேடைத் தட்டையா வெச்சு, தொட்டும் தொடாம போகணும். நான் பாதி தூரம் நல்லாத்தான் போனேன். அப்புறம் மிஷின் சாய்ஞ்சிருக்கு, எனக்குத் தெரியலை. எத்தனை நொடின்னும் தெரியலை. சூடான வாடை வந்தப்பதான் தூக்கினேன். மடிப்பு மேல கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் செத்துப்போய் மங்கிக் கிடக்கு.

நாலு பக்கமும் பாத்தேன். நெட்டையன் குனிஞ்சு ஒரு சக்கரத்தைத் துடைச்சுட்டு இருந்தான். முதலாளி போன்ல இருந்தார். நான் பளபளப்புக்குப் பூசுற வேக்ஸ் எடுத்து அந்த இடத்துல ரெண்டு தடவை போட்டேன். டியூப் லைட் வெளிச்சத்துல பாத்தா ஒண்ணும் தெரியலை. அப்பாடான்னு மூச்சு விட்டேன். கை துடைச்சேன். பேடைக் கழட்டினேன். அதைக் குப்பையில போட்டிருக்கணும், இல்லை சட்டைக்குள்ள மறைச்சு வீட்டுக்குக் கொண்டு போயிருக்கணும். ஆறு வருஷப் பழக்கம், கால் தானாப் பின்பக்கம் போச்சு, கை தானா மூணாவது பேசின்ல போட்டுடுச்சு. திருடப் போனவன் செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்த கதைதான்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பினப்போ அண்ணி கூப்பிட்டாங்க. "தம்பி, ஒரு நிமிஷம்."

உள்ள போனேன். கம்ப்ரசரை நிறுத்தியிருந்தாங்க, அதனால அறை அமைதியா இருந்துச்சு. மத்த ரெண்டு பேசினையும் கழுவிக் கவுத்து வெச்சிருந்தாங்க. என்னோடதுல மட்டும் தண்ணி. நல்ல நீலம். மஞ்சள் பேட் ஒண்ணு அதுல மிதந்துட்டு இருந்துச்சு.

"பழைய கார் அண்ணி. சில கார்ல கிளியரே போட்டிருக்க மாட்டாங்க"ன்னேன்.

"நாலு வருஷக் கார்"னாங்க.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அம்மா என்கிட்டதான் சொன்னாங்க. உள்ள வந்து கை கழுவினாங்க."

நான் சுவரைப் பாத்தேன். "முதலாளிகிட்ட சொல்லிடுவீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உனக்கு வாய் இல்லையா?" குரல் ஏறவே இல்லை. "அந்த அம்மா பத்து மணிக்கு வருவாங்க. அவங்க காரை எடுத்துட்டுப் போனா ரெண்டு மாசத்துல அந்த இடம் வெளுத்து உரியும். அதுக்குள்ள நீ இன்னும் பத்து காரைத் தொடுவ. இந்தத் தண்ணி பத்து மணி வரைக்கும் இங்கதான் இருக்கும். அதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு. கையையும் சேத்துச் சொல்லு."

"சொன்னா என் மிஷின் போயிடும் அண்ணி."

"ம்"னாங்க. இல்லைன்னு சொல்லலை. பேசின் மேல ஒரு பலகையை எடுத்து மூடிட்டு, கைப்பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

வீட்டுக்குப் போய் நான் என்ன சாப்பிட்டேன், யார்கிட்ட என்ன பேசினேன், ஒண்ணும் நினைவில்லை. காலையில எழுந்தப்போ சொல்லிடலாம்னு இருந்துச்சு. கடைக்குப் போய் முதலாளி முகத்தைப் பாத்ததும் அந்தத் தைரியம் எங்க போச்சுன்னே தெரியலை. ஒன்பது மணி ஆச்சு. அவர் கணக்குப்புள்ளைகிட்ட பேசிட்டு இருந்தார், இப்ப வேண்டாம்னு நினைச்சேன். ஒன்பதே கால் ஆச்சு. டீ குடிச்சுட்டு இருந்தார், குடிக்கட்டும்னு நினைச்சேன். இப்படியே நல்ல நேரம் பாத்துட்டு நின்னேன்.

ஒன்பதரைக்கு முதலாளியே நீலக் காரை வாசலுக்கு எடுத்தார். வெயில் நேரா பானெட் மேல விழுந்துச்சு. வேக்ஸ் வெயிலை ஏமாத்தாது. அவர் இறங்கி, குனிஞ்சு, விரலால ஒரு தடவை தடவினார்.

"யப்பா, இங்க வா. என்ன இது?"

நெட்டையனும் மீசைக்காரரும் பின்னாடி வந்து நின்னுட்டாங்க. சத்தியமாச் சொல்றேன், வாயைத் திறக்கும்போது உண்மையைத்தான் சொல்லப்போனேன். வந்தது வேற.

"பேடு சரியாக் கழுவலை போல இருக்கு சார். காஞ்சு கல்லா இருந்திருக்கும். வெச்சதும் சூடாகிடுச்சு."

என் காதாலதான் கேட்டேன். என் குரல்தான் அது.

முதலாளி உள்ள பாத்து, "ஏம்மா, இங்க வாங்க"ன்னு கத்தினார். அண்ணி ஈரக் கையை ஏப்ரன்ல துடைச்சுக்கிட்டே வந்தாங்க. முதலாளி பானெட்டைக் காட்டினார். "பேடு கல்லா இருந்துச்சுங்கறான். நீங்க பாத்துக் கழுவினீங்களா இல்லையா? இப்ப அந்த அம்மா வந்துடுவாங்க, நான் என்ன சொல்றது?"

அண்ணி பானெட்டைப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க, ரொம்ப நேரம் இல்லை. உள்ள போய் அந்தப் பலகையைத் தூக்கிக் காட்டினாப் போதும். நீலத் தண்ணி இருக்கு, ஓரம் கரைஞ்ச பேடு இருக்கு. ஒரு வார்த்தை பேச வேண்டாம், முதலாளிக்கு எல்லாம் புரிஞ்சிடும்.

"ஆமா சார். நான் சரியாப் பாக்கலை போல இருக்கு"ன்னாங்க.

முதலாளிக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு. "ஆறு வருஷத்துல இப்படி நடந்ததில்லையேம்மா!"

"நடந்துடுச்சு சார்."

அவர் ஒண்ணும் கெட்டவர் இல்லை. கடைப் பேர் போகப்போகுதுங்கிற பதட்டம். "இல்லம்மா, இப்படியெல்லாம் ஆச்சுன்னா என்னால சமாளிக்க முடியாது. நாளையில இருந்து நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்"னார். அண்ணி தலையை ஆட்டிட்டு உள்ள போனாங்க. கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. பேசினைச் சாய்ச்சு வடிகால்ல தண்ணியை ஊத்துற சத்தம். அப்புறம் குழாயைத் திறந்து பேசினைத் தேய்க்கிற சத்தம்.

இன்னும் பத்து மணி ஆகலை.

வெக்கம்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, உடம்பு பூரா சூடா இருந்துச்சு. "சார், பேடு சுத்தமாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்"னேன்.

"என்னடா உளர்ற?"

கையை நீட்டினேன். "கிள்ளிப் பாருங்க."

அவர் முழிச்சார். நெட்டையன்தான் முன்னாடி வந்து என் ஆள்காட்டி விரலைக் கிள்ளினான். எனக்கு ஒண்ணும் தெரியலை. இன்னும் பலமாக் கிள்ளினான், நகக்குறி பதிஞ்சுது, நான் அசையலை. "அய்யோ, அண்ணே!"ன்னு கையை விட்டுட்டான். நாலு மாசமா இப்படித்தான்னு மொத்தத்தையும் சொன்னேன். அண்ணிக்குத் தெரியும்னும், என்னைச் சொல்லச் சொன்னாங்கன்னும், நான்தான் சொல்லலைன்னும் சொன்னேன். அண்ணி உள்ள இருந்து வெளிய வரவே இல்லை.

முதலாளி என் விரலைத் திருப்பிப் பாத்துட்டு, "மிஷினை நெட்டையன்கிட்ட கொடு"ன்னார். கொடுத்தேன். மருந்துக்கடை அம்மா பத்து மணிக்கு வந்தாங்க. முதலாளி மறைக்காம சொல்லிட்டார், பானெட் முழுக்கக் கடைச் செலவுலயே பெயிண்ட் அடிச்சுத் தரோம்னார். அந்த அம்மா கொஞ்சம் சத்தம் போட்டாங்க. அப்புறம் என் கையை வாங்கித் திருப்பிப் பாத்து, "நாளைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னு திட்டிட்டுப் போனாங்க.

டாக்டர் மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்குன்னார். கட்டு போட்டிருக்கு. சரியாக மாசக்கணக்கு ஆகும், சரியாகாமலும் போகலாம். தூசி உறிஞ்சுற குழாய் கூட அதிருமாம், அதைக்கூடத் தொடக் கூடாதாம். முதலாளி அண்ணியைப் போக விடலை, ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். என்னைப் பின்பக்கம் அனுப்பினார். இப்ப நான் ரெண்டாவது தொட்டிகிட்ட நிக்கிறேன். இடது கையால பேட் அமுக்குறேன். சொன்னா நம்ப மாட்டீங்க, நினைச்ச அளவுக்கு அவமானமா இல்லை. நெட்டையன் பேடைக் கொண்டுவந்து போடும்போது, "அண்ணே, கொஞ்சம் நல்லாக் கழுவுங்க"ன்னு கண்ணடிக்கிறான், படவா. அவன் பேடைத் திருப்பிப் பாத்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லை, சீராத்தான் தேய்ஞ்சிருக்கு.

அண்ணி அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. நான்தான் ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டுக் கேட்டேன். எனக்குள்ள ஒரு நினைப்பு இருந்துச்சு. நம்ம தம்பி கடைசி நிமிஷத்துல வாயைத் திறந்துடுவான்கிற நம்பிக்கையிலதான் அண்ணி தண்ணியை ஊத்தினாங்கன்னு. அதை அவங்க வாயால கேக்கணும்னு ஆசை.

"அண்ணி, பத்து மணி வரைக்கும் வெச்சிருப்பேன்னீங்க. ஏன் அதுக்கு முன்னாடியே ஊத்தினீங்க?"

அண்ணி கையில ஒரு ஆரஞ்சுப் பேட் இருந்துச்சு. கட்டை விரலால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே சொன்னாங்க.

"யாராவது ஒருத்தர் வேலை போறதுன்னு ஆகிப்போச்சு. உன்னோடது போனா வீட்டுல நாலு பேர். என்னோடது போனா நான் ஒருத்தி. அந்தத் தண்ணி இருந்தா யாராவது பாத்துடுவாங்க."

"நான் சொல்லிடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி விரலை நிறுத்தி என்னை நிமிந்து பாத்தாங்க. கோபம் இல்லை, கிண்டல் இல்லை. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான்.

"இல்லை தம்பி. நீ சொல்லுவன்னு நான் நினைக்கவே இல்லை."